வளர்ந்த நாய் விலைக்கு வருமா?

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் பிடிக்கிற நாயை வைத்திருந்தவர்கள் அதைக் காசுக்குக் கொடுத்ததாக என் அப்பா தலைமுறையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குட்டி கொடுப்பார்கள்; அதுவும் கேட்டவருக்கெல்லாம் இல்லை. கொண்டுபோகிறவன் கூழ் ஊற்றி ஒழுங்காக வளர்ப்பானா, கட்டிப்போட்டே கெடுத்துவிடுவானா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். கடுவன் நாயின் சொந்தக்காரருக்கு ஈற்றில் ஒரு குட்டி உண்டு. முதலில் பொறுக்கிக்கொள்ளும் உரிமையும் அவருக்குத்தான். நாய் விற்ற காசு குரைக்குமா என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. ஆனாலும் அந்தக் காசைத் தொடக் கூசிய ஊர்கள் அவை.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன்: "அண்ணாச்சி, ரெண்டு வயசு நாயா ஒண்ணு கிடைக்குமா? சென்னையில குட்டியில இருந்து வளர்க்கத் தோதுப்படாது." அவர் யோசிக்கவே இல்லை. "தம்பி, வேட்டைக்குப் போற நாய எவனும் குடுக்க மாட்டான். குடுக்கிறான்னா அது வேட்டைக்குப் போகாத நாய்."

அந்தப் பதிலுக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கத்து வேட்டை இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பம் பிடித்துப் போகிற நாய்கள் அல்ல. கண்ணால் பார்த்துத் துரத்துபவை. முயல் புதரை விட்டுக் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் எந்தப் பக்கம் வெட்டித் திரும்பும், எந்த வரப்பில் தாவும், கூட ஓடுகிற நாய் எங்கே மறிக்கும் என்பதெல்லாம் நாய்க்குப் பழகியிருக்க வேண்டும். குட்டியைத் தூக்கிப் பார்த்து இதையெல்லாம் சொல்லிவிட முடியாது. காலெலும்பு உறுதிப்பட்ட பிறகு பெரிய நாயோடு சேர்த்துக் காட்டுக்குக் கூட்டிப்போய், தடுமாறவிட்டு, மறுபடி கூட்டிப்போய், இரண்டு வயதை ஒட்டித்தான் எது தேறியது, எது தேறவில்லை என்று தெரியும். ஓர் ஈற்றின் குட்டிகள் எல்லாமே தேறுவதில்லை. அத்தனை நாள் கம்பங்கூழும் மோரும் ஊற்றி, பாதத்தில் ஏறிய சீமைக்கருவேல முள்ளைப் பிடுங்கி மஞ்சள் வைத்து வளர்த்தவன், பலன் கைக்கு வருகிற நேரத்தில் ஏன் விற்கப்போகிறான்?

நாயும் லேசில் மனசு மாறாது. புது வீட்டில் அவிழ்த்துவிட்டால் நேராகப் பழைய வீட்டுக்குத்தான் ஓடும். பக்கத்து ஊர் என்றால் மறுநாள் காலையில் பழைய திண்ணையில் படுத்துக் கிடக்கும். கொடுத்தவருக்கும் தர்மசங்கடம், வாங்கியவருக்கும் நஷ்டம். அப்படியும் ஒரு பெரிய நாய் விலைக்கு வருகிறதென்றால் ஊரே காரணம் தேடும். ஆட்டுக்குட்டியைக் கடித்திருக்குமோ, கூப்பிட்டால் திரும்பி வராதோ, பிடித்த முயலைத் தானே தின்றுவிடுமோ, பின்னங்கால் இடறியிருக்குமோ என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாகவும் இருக்கும்.

வளர்ந்த நாய் கைமாறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜமீன்கள் ஒருவருக்கொருவர் நல்ல நாயைப் பரிசாக அனுப்பிக்கொண்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது கன்னி நாயைக் கூட அனுப்பும் வழக்கத்தைத் தெற்கே இன்னமும் சொல்வார்கள். வளர்த்தவர் கண் மூடினால் கூட வேட்டைக்குப் போன பங்காளி நாயைப் பிடித்துப் போவார். அது ஏற்கெனவே அவர் குரலுக்கு வரும் நாயாக இருக்கும். இந்த மூன்றிலும் நாய் தெரிந்த கையிலிருந்து தெரிந்த கைக்குத்தான் போயிற்று. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கூட்டமாக நாய் வைத்து ஆளும் போட்டுப் பராமரித்த வீடுகள் ஒவ்வொன்றாக அந்தச் செலவை நிறுத்தின. கொடுக்கல் வாங்கலில் ஒரு பெரிய கண்ணி அங்கேயே அறுந்தது.

வெள்ளைக்காரர்களின் முறை வேறு. ஊட்டியில் அவர்கள் இங்கிலாந்திலிருந்து நரிவேட்டை நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து புல்வெளிகளில் குள்ளநரியைத் துரத்தினார்கள். அந்த நாய்கள் ஒரு மனிதனுக்குப் பழகியவை அல்ல, கூட்டத்துக்குப் பழகியவை. ஒரு வேட்டைக் கழகத்தில் மிஞ்சிய வளர்ந்த நாய்களை இன்னொரு கழகத்துக்கு ஜோடிக் கணக்கில் அனுப்புவது இங்கிலாந்தில் சாதாரணம். ஆக, வளர்ந்த வேட்டை நாய் கைமாறுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் எப்போதும் இருந்ததில்லை. நாய் யாரை நம்பி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறுகிறது.

மதராசுக்கும் இந்த நாய்களுக்கும் அன்று அதிகத் தொடர்பு கிடையாது. மயிலாப்பூரில் பங்குனி அறுபத்து மூவர் விழாவில் வேடரான கண்ணப்பர் ஊர்வலம் வருவார்; சேக்கிழார் அவருடைய முதல் வேட்டையைப் பாடும்போது நாய்களை மறக்கவில்லை. ஆனால் மாடவீதியில் வேட்டை நாய் வளர்த்த வீடு எது? அடையாறு, லஸ் பக்கத்துப் பங்களாக்களில் அல்சேஷன், பொமரேனியன், டாக்ஸ்ஹண்ட் என்று இருந்தன. நாய் வேண்டுமென்றால் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். பழைய புத்தகத்திலிருந்து பச்சைக்கிளி வரை கிடைத்த அந்த இடம் 1985 மே மாதம் எரிந்தது. கிண்டிக் காடு ஆளுநர்களின் வேட்டைக்காடாக இருந்து, 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நகரத்தின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் குள்ளநரியும் வாழ்கிற அந்தத் துண்டு நிலத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் மாற்றியது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். முயல் பிடித்தாலும் வழக்கு என்றான பிறகு, முயல் பிடிக்கும் நாயின் மதிப்பு எதில் நிற்கும்? சட்டம் வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலை போன பின்னும் நாய் இருக்கிறது. அதன் நீண்ட முதுகும் ஒட்டிய வயிறும் எட்டிப் பார்க்கும் கண்ணும் அப்படியே இருக்கின்றன. தோட்டக் காவல், ஆட்டுக் கிடைக் காவல் என்று சிலவற்றுக்கு வேலை மாறியது. மற்றவை வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தன.

இந்த இனங்களைக் காப்பாற்ற அரசு எடுத்த முயற்சி சென்னையிலேயே நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. தி. நகரிலிருந்து எட்டிப்போனால் வந்துவிடும் தூரம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை குட்டிகளை அரசு விலையில் வாங்கலாம் என்றதும், ஊர்ப்பக்கம் ஆள் தெரியாத சென்னைக்காரர்கள் முதன்முறையாக நாட்டு நாய் வளர்க்கத் தொடங்கினார்கள். நல்ல எண்ணத்தில் பிறந்த இடம்தான். ஆனால் கூண்டில் பிறந்து கூண்டிலேயே வளர்ந்த தாய்க்கும் தகப்பனுக்கும் காடு தெரியாது. தேறியதையும் தேறாததையும் பிரித்துச் சொல்ல அங்கே வேட்டை இல்லை. தோற்றம் மட்டுமே அளவுகோல் ஆயிற்று. பராமரிப்பு சரியில்லை என்று விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2016 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை மூடச் சொல்லி உத்தரவிட்டது.

அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 2017-இல் சு. தியடோர் பாஸ்கரனின் இந்திய நாயினங்கள் பற்றிய நூல் வந்தது. 2020-இல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகத்தின் பதிவில் ஏறின. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று பிரதமர் வானொலியில் முதோல், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நகரம் குட்டி தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கரிசல் காட்டில் ஆள் பார்த்துக் கொடுக்கப்பட்ட குட்டி, படம் பார்த்து முன்பணம் அனுப்பி வாங்கும் பொருளாயிற்று. ஆம்னி பஸ்ஸில் கூடையில் வந்து கோயம்பேட்டில் இறங்கியது.

குட்டி ஒரு வருஷத்தில் வளர்ந்துவிடும். மந்தைவெளியிலோ தி. நகரிலோ இரண்டு படுக்கையறை வீட்டில், இடுப்புயரம் வந்துவிட்ட நாய் பால்கனிக்கும் வாசலுக்குமாக ஓடுகிறது. பூனை தெரிந்தால் கையிலிருக்கும் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்கிறது. குடியிருப்போர் சங்கத்தில் புகார் வருகிறது. அதன் பிறகு கைபேசியில் ஒரு விளம்பரம் வரும்: பதினான்கு மாதம், ஆண், நன்கு பழகியது, அவசரம், விலை பேசிக்கொள்ளலாம். அன்று கேட்டாலும் கிடைக்காத வளர்ந்த நாய், இன்று கேட்காமலே வீடு தேடி வருகிறது. சில நாய்கள் விளம்பரத்துக்குக்கூடக் கொடுத்துவைக்காமல், கழுத்துப்பட்டையோடு ஏதாவது சாலையோரத்தில் இறக்கிவிடப்படுகின்றன.

இப்படி வரும் நாய்க்கும் அந்தப் பெரியவர் சொன்ன கணக்குக்கும் சம்பந்தமில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் ஊரில் பெரிய நாய் விலைக்கு வந்தால் குறை நாயிடம் இருக்கும். சென்னையில் விலைக்கு வரும் பெரிய நாயிடம் பெரும்பாலும் குறை இல்லை. அதை வாங்கிய வீட்டின் கணக்கு தப்பிப்போயிருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. இந்த நாய் ஏன் வேண்டாமென்று ஆயிற்று, அதே காரணம் என் வீட்டிலும் இருக்கிறதா? நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள முடிகிறவருக்கு, குட்டியைவிட வளர்ந்த நாயே மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

குட்டியில் தெரியாதது வளர்ந்த நாயில் கண்ணெதிரே தெரியும். ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். பால் வெள்ளையும் சிவந்த மூக்கும் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், பிறவிச் செவிடு அந்த இனத்தோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளை நிறத்தைத் தரும் மரபணுவுக்கும் காது கேட்பதற்கும் தொடர்பு உண்டு. ஈற்றோடு ஈற்றாகத் துள்ளும் குட்டி, பக்கத்துக் குட்டி ஓடினால் தானும் ஓடும்; கேட்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. ஒரு வயது நாயிடம், அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினால் போதும். குழந்தையிடம் எப்படி, இன்னொரு நாயிடம் எப்படி, பட்டாசுச் சத்தத்துக்கு எப்படி, தனியே விட்டால் குரைத்து ஊரைக் கூட்டுமா என்பதையும் அரைநாள் கூட இருந்து பார்த்துவிடலாம்.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி ஒன்றை எடுத்தது. மூன்று வயதுப் பொட்டை, சாம்பல் நிறம். தெற்கே அதை வளர்த்தவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலையில் இருந்தார்கள். வந்த அன்று நான் போயிருந்தேன். முன்னங்கால் இரண்டிலும் முழங்காலுக்குக் கீழே முள் கிழித்து ஆறிய கோடுகள், மயிர் முளைக்காமல் வெள்ளையாக. பாதத்தின் அடிப்பகுதி காய்த்துக் கெட்டிப்பட்டிருந்தது. அத்தனை உறுதியான நாய் மாடிப்படியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அது பிறந்த ஊரில் அது ஏறிப் பழகப் படியே இல்லை. டைல்ஸ் தரையில் நான்கு காலும் நான்கு பக்கம் வழுக்க, சுவரோரமாகவே ஒட்டி நடந்தது. கடையில் வாங்கி வைத்த உருண்டைத் தீனியை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்துக்கொண்டது. அந்த வீட்டுப் பாட்டி கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு, உப்பில்லாமல் ஓர் அலுமினியச் சட்டியில் வைத்தார். சட்டி தரையில் நகர நகர, அதைத் துரத்திக்கொண்டே போய் நக்கித் தீர்த்தது.

படி பழக ஒரு வாரம் ஆயிற்று. பாட்டியின் குரலுக்கு வாலாட்ட அதற்கு மேல் ஆயிற்று. விடியுமுன் பெசன்ட் நகர் கடற்கரைக்கு நீளக் கயிற்றோடு கூட்டிப்போனார்கள்; ஒருநாளும் அவிழ்த்துவிடவில்லை. அது சரியான முடிவு. கண்ணால் துரத்தும் நாய் ஓட ஆரம்பித்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. அடையாறு, கிண்டிப் பக்கம் இது இன்னும் முக்கியம். ஐஐடி வளாகத்திலும் கிண்டி வனத்திலும் நாய்கள் கடித்து மான்கள் சாவது பல ஆண்டுகளாகத் தீராத பிரச்சினை. அந்த மதிலை ஒட்டி வசிப்பவர் இப்படி ஒரு நாயை வைத்திருந்தால், ஒரு நிமிட அசட்டை ஒரு மானின் உயிர்.

சட்டமும் இதில் வழி காட்டுகிறது. 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளை வெளியிட்டது. எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது. ஆறு மாதம் தாண்டிய நாயை இனப்பெருக்கம் செய்பவர் விற்பதென்றால் கருத்தடை செய்த பிறகே விற்கலாம். உரிமம் பெற்ற இன்னொரு இனப்பெருக்கக்காரருக்கு என்றால் மட்டும் விலக்கு. வளர்ந்த பொட்டை நாயை வாங்கி ஈற்றுக்கு மேல் ஈற்றாகப் போடவைத்துக் காசாக்கும் கூட்டத்துக்குப் போட்ட பூட்டு இது. நடைமுறையில் எத்தனை விளம்பரக்காரர் இதை மதிக்கிறார்கள் என்று கேட்டால் வருத்தம்தான் மிஞ்சும். கருத்தடைச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், பதிலே வராது.

இந்த விதிகள் பிறந்த தாய்ச் சட்டத்துக்கு வேர் அடையாறில் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது; 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் ப்ளூ கிராஸைத் தொடங்கியதும் இந்த நகரத்தில்தான். பிரம்மஞான சபை வளாகத்தில் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனை இயங்கிவந்தது. வேண்டாத நாயை வேண்டும் வீட்டில் சேர்க்கும் பழக்கம் தென்சென்னைக்குப் புதிதல்ல. தெருநாய்க்குச் செய்த அந்த வேலையை இப்போது ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் செய்ய வேண்டியிருக்கிறது.

வெளிநாடுகளில் இந்தக் கேள்விக்கு இரண்டு முனையிலும் பதில் இருக்கிறது. 2021-இல் வேல்ஸில் கிம் என்ற ஒரு வயது ஆட்டு மந்தை நாய் 27,100 கினிக்கு ஏலம் போயிற்று. வாங்குபவர் நேரில் வந்தோ காணொளியிலோ நாய் ஆடுகளை மடக்குவதைப் பார்த்துவிட்டு விலை கேட்கிறார். வேலை தெரிந்த வளர்ந்த நாய்க்குக் குட்டியைவிடப் பல மடங்கு விலை. சீழ்க்கைக்கும் குரலுக்குமான கட்டளைகள் அங்கே பெருமளவு பொதுவாக இருப்பதால் நாய் கைமாறினாலும் வேலை மாறுவதில்லை. மறுமுனையில் ஸ்பெயின். கால்கோ என்ற அந்த நாட்டு முயல் நாய், உருவத்தில் நம் சிப்பிப்பாறையின் தூரத்து உறவு போலவே இருக்கும். பிப்ரவரியில் வேட்டைப் பருவம் முடிந்ததும் ஓடித் தளர்ந்த நாய்களை விரட்டிவிடும் கொடுமை அங்கே இன்னும் நிற்கவில்லை. அவற்றை மீட்டு ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் அனுப்பி, அடுக்குமாடி வீடுகளில் சேர்க்கும் அமைப்புகள் இருக்கின்றன. காலையில் ஒரு நல்ல ஓட்டமும் படுக்க ஒரு மெத்தையும் கிடைத்தால், இந்த வகை நாய் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டுகளை எடுத்து வளர்ப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். வளர்ந்த வேட்டை நாய் நகரத்து வீட்டுக்குப் பொருந்தாது என்று நம் ஊரில் ஒரே அடியாகச் சொல்வது சரியில்லை. ஓட இடமில்லாத குட்டிப் பருவம்தான் பொருந்தாது. அதைக் கடந்து வந்த நாய் பொருந்தும்.

ஆகவே வாங்க நினைப்பவருக்கு என் வேண்டுகோள்: குட்டிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். கைவிடப்பட்ட பெரிய நாய் ஒன்றைப் போய்ப் பாருங்கள். பதினைந்து நாள் வைத்துப் பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் திருப்பித் தருவேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் எடுக்காதீர்கள். பல்லைப் பாருங்கள், காதைச் சோதியுங்கள், சற்றே மெலிந்து தெரியும் விலாவைக் கண்டு பயப்படாதீர்கள். அந்த இனத்துக்கு அது ஆரோக்கியம்தான். வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டையும் மாநகராட்சி உரிமத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். நாட்டு நாய்க்குச் சென்னையில் மறுபடி ஓர் இனப்பெருக்கக் கூடம் வேண்டுமென்று அவ்வப்போது குரல் எழுகிறது. குட்டி இங்கே பிறக்க வேண்டியதில்லை. அது பிறந்த மண்ணிலேயே, வளர்க்கத் தெரிந்தவர்கள் கையிலேயே பிறக்கட்டும். சென்னைக்கு வேண்டியது, திரும்பி வரும் ஒரு வயது, இரண்டு வயது நாயை வாங்கி வைத்து, படி ஏறவும் டைல்ஸில் நடக்கவும் கயிற்றில் போகவும் பழக்கி, வீடு பார்த்துக் கொடுக்கும் இடம். நாலு ஓட்ட வெளி, ஒரு மருத்துவர், இந்த நாய்களைத் தெரிந்த தெற்கத்தி ஆட்கள் இரண்டு பேர் இருந்தால் அதை நடத்தலாம்.